தத்துவ நூலைத் திறந்ததும் முதலில் சொல்லைப் பிடியுங்கள்

எங்கள் தெரு ரேஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அரிசி, சர்க்கரை, பாமாயில், துவரம்பருப்பு என்று எழுதி, எதிரே ‘இருப்பு’ என்ற தலைப்பின்கீழ் கணக்குப் போட்டிருப்பார்கள். பல வருஷத்துக்கு முன்னால், ஜெர்மன் தத்துவம் பற்றித் தமிழில் வந்த ஒரு தடித்த நூலை ஆசையாக வாங்கினேன். பக்கத்துக்குப் பத்து ‘இருப்பு’. எனக்கோ ஒவ்வொரு தடவையும் பாமாயில்தான் ஞாபகம் வந்தது. மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு, நமக்கெல்லாம் இது ஏறாது என்று பரணில் போட்டுவிட்டேன். ஏறாமல் போனது தத்துவம் இல்லை, அந்த ஒரு சொல்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

வேலைக்குப் போய்வந்துகொண்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தத்துவம் படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் பேராசிரியர் ஒன்றும் கிடையாது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிறோம், அவ்வளவுதான். அங்கே வேலை செய்த வழியைத்தான் சொல்கிறேன்.

தத்துவ நூல்களில் ஒரு வகை, செங்கல் செங்கல்லாக அடுக்கிக் கட்டியது. டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவின் ‘எதிக்ஸ்’ (1677) வடிவக்கணிதப் புத்தகம் மாதிரி வரையறைகளோடு தொடங்கி, ஒவ்வொரு முடிவையும் முந்தைய முடிவின்மேல் ஏற்றி வைக்கும். பழைய இந்தியத் தத்துவப் பள்ளியான சாங்கியம் உலகத்தை 25 தத்துவங்களாக எண்ணும். சைவ சித்தாந்தம் 36ஆக எண்ணும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 அடி. அதற்குள் உலகம், உயிர், இறைவன், கட்டு, விடுதலை எல்லாம் அடக்கம். இப்படிப்பட்ட நூலில், மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் என்ன பொருளில் வந்ததோ அதே பொருளில்தான் முந்நூறாம் பக்கத்திலும் வர வேண்டும். நடுவில் நழுவினால் மேல்மாடியில் விரிசல் விழும். ஆகவே படிக்கிறவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது சொற்களை.

தாங்கும் சொல் எது?

ஒரு பென்சில், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நூலின் முதல் பத்துப் பக்கத்தைப் படியுங்கள். புரிய வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். எந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதற்கு நெருக்கமான வேறொரு சொல்லைப் போட்டால் வாதம் சரிந்துவிடுமோ, அதுதான் தாங்கும் சொல். மற்றதெல்லாம் பூச்சுவேலை. ஒரு நூலில் இப்படி நாலைந்து தேறும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நூல் முழுக்க அந்தச் சொல் வரும் இடங்களில் எப்படி வருகிறது என்று அந்தப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

ஸ்பினோசாவைத் தமிழில் சொல்லப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே ‘பொருள்’ வந்து நிற்கும். தானாக நிற்பது, வேறொன்றைச் சாராதது என்று அவர் அதற்கு வரையறை கொடுக்கிறார். நமக்கோ பொருள் என்றால் சாமான், அர்த்தம், காசு என மூன்றும் சேர்ந்து வரும். ‘பொருளின் பொருள் என்ன?’ என்று தமிழில் கேட்டால் அது தத்துவக் கேள்வியா, அகராதிக் கேள்வியா, பட்ஜெட் கேள்வியா என்றே சொல்ல முடியாது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். எங்கே நிதானிக்க வேண்டும் என்று அந்தக் குழப்பமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தெருவில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

தாங்கும் சொல் கிடைத்ததும் அதை வெளியே அழைத்துக்கொண்டு போங்கள். ‘தத்துவம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஷேர் ஆட்டோ பின்னால் எழுதியிருக்கும் ஒருவரி வசனம் தத்துவம். ஆபீஸில் யாராவது பெருமூச்சு விட்டால், ‘என்ன, காலையிலேயே தத்துவமா?’ பல்கலைக்கழகத்தில் அது ஒரு துறை. சித்தாந்த நூலிலோ மண் ஒரு தத்துவம், நீர் ஒரு தத்துவம், மூக்கு ஒரு தத்துவம்! எங்கள் குழுவில் ஒருவர் ‘36 தத்துவங்கள்’ என்று படித்துவிட்டு, 36 தத்துவப் பள்ளிகளின் பட்டியலை இரண்டு நாள் தேடியிருக்கிறார்.

இன்னும் சில கண்ணிவெடிகள் உண்டு. இன்று மேற்கோள் என்றால் அடுத்தவர் வாசகத்தை எடுத்துப் போடுவது. பழைய தருக்க நூலில் மேற்கோள் என்பது நிறுவ வேண்டிய கூற்று. ‘ஏது காசு?’ என்று நாம் கேட்கும் ஏது, அங்கே காரணம். இலக்கணம் என்பது அங்கே வரையறை. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில்தான் சிவஞானபோதத்தின் வாதங்கள் நடக்கின்றன. இது தெரியாமல் உள்ளே போனால், யாரை மேற்கோள் காட்டுகிறார் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சொல்லின் பொருளை அறிய, அது மொழியில் எப்படிப் புழங்குகிறது என்று பார் என்று சொன்னவர் ஆஸ்திரியாவில் பிறந்த தத்துவவாதி விட்கன்ஸ்டைன். அவர் இறந்தபின் 1953இல் வெளிவந்த நூலில் இந்தக் கருத்து இருக்கிறது. 1949இல் ஆங்கிலேயத் தத்துவவாதி கில்பர்ட் ரைல் இதற்குப் பக்கத்தில் இன்னொரு கோளாறைச் சுட்டினார். கல்லூரி, நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாம் பார்த்த பிறகு, ‘சரி, பல்கலைக்கழகம் எங்கே?’ என்று கேட்கும் விருந்தாளி, பல்கலைக்கழகத்தை இன்னொரு கட்டடமாக நினைத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. ஊரிலிருந்து முதல்முறையாக ரயிலில் வந்த என் அக்கா பையன், தாம்பரம் தாண்டி, மாம்பலம் தாண்டி, எழும்பூரில் எல்லோரும் மூட்டையை இறக்கும்போது கேட்டான்: ‘மாமா, மெட்ராஸ் எப்ப வரும்?’ மனம் என்பது மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வரும்.

சொல்லைப் பேசுகிறாரா, பொருளைப் பேசுகிறாரா?

சென்னை கடலோரத்தில் இருக்கிறது. சென்னை மூன்றெழுத்து. இரண்டு வாக்கியத்திலும் ‘சென்னை’தான். முதலாவது ஊரைப் பற்றியது, இரண்டாவது சொல்லைப் பற்றியது. இதைத் தொல்காப்பியம் பெயரியலில் இரண்டே அடியில் முடித்துவிடுகிறது:

பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும்
சொல்லின் ஆகும் என்மனார் புலவர்.

சொல் தனக்கு வெளியே உள்ள பொருளையும் காட்டும், தன்னையும் காட்டும். தத்துவ நூலில் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ‘சுதந்திரம் என்பது எல்லையற்றது’ என்று ஒருவர் எழுதினால், சுதந்திரத்தைப் பற்றி ஏதோ கண்டுபிடித்துச் சொல்கிறாரா, அல்லது இனிமேல் அந்தச் சொல்லை இப்படித்தான் பயன்படுத்தப் போகிறேன் என்று அறிவிக்கிறாரா? கண்டுபிடிப்பு என்றால் ஆதாரம் கேட்கலாம். அறிவிப்பு என்றால், கடைசிவரை அதைக் காப்பாற்றுகிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும்.

1996இல் மெட்ராஸ் சென்னை ஆயிற்று. மாறியது பேர்தான், ஊர் அதே வெயிலோடு அதே இடத்தில் இருந்தது. ‘சென்னைதான் சென்னை’ என்றால் யாருக்கும் ஒரு செய்தியும் கிடைக்காது. ‘மெட்ராஸ்தான் சென்னை’ என்றால் வெளியூர்க்காரருக்கு ஒரு செய்தி. சுட்டும் ஊர் ஒன்று, சுட்டும் விதம் இரண்டு. ஒரே கோளின் இரண்டு பெயர்களான விடிவெள்ளியையும் அந்திவெள்ளியையும் வைத்து ஜெர்மன் தத்துவவாதி பிரேகே 1892இல் எழுதிய கட்டுரையின் மையக் கேள்வி இதுதான்.

வரையறுத்துப் பாருங்கள், தோற்றுப்போங்கள்

இதை நண்பர்களோடு செய்தால் சுவாரசியமாக இருக்கும். எங்கள் மாடியில் ‘டிபன்’ என்பதை வரையறுக்கச் சொன்னேன். இட்லி, தோசை மாதிரி மாவில் செய்தது என்றார் ஒருவர். அப்படியானால் பொங்கலும் உப்புமாவும் வெளியே போய்விடும். சாப்பாட்டு நேரம் அல்லாத நேரத்தில் சாப்பிடுவது என்றார் இன்னொருவர். முறுக்கும் மசால் பொரியும் உள்ளே வந்துவிட்டன. பசியை அடக்காதது என்றார் மூன்றாமவர். இரண்டு மசால் தோசை சாப்பிட்டவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தருக்க நூலார் இந்த மூன்று வழுக்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். குறுகிப்போனால் அவ்வியாத்தி, அகன்றுபோனால் அதிவியாத்தி, பொருந்தவே பொருந்தாவிட்டால் அசம்பவம். மூன்று பெயரையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நூலில் எந்த வரையறை வந்தாலும் இந்த மூன்றையும் போட்டு அலசுங்கள்.

ஆனால் டிபன் விஷயத்தில் எனக்கு ஆச்சரியம் வேறு. பதினொன்றே முக்காலுக்கு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தால், ‘டிபன் முடிஞ்சிடுச்சு சார், சாப்பாடு பன்னெண்டரைக்குத்தான்’ என்கிறார் பரிமாறுபவர். நமக்கு உடனே புரிகிறது. யாரும் வரையறை கேட்பதில்லை. வரையறுக்க முடியாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நகரமே தினமும் பிசகாமல் சாப்பிடுகிறது. விளையாட்டு என்ற சொல்லை வைத்து விட்கன்ஸ்டைன் காட்டியதும் இதைத்தான்: எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஓர் அம்சம் கிடையாது, குடும்ப முகச்சாயல் மாதிரி ஒன்றோடொன்று கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகின்றன.

ஆக, கட்டிய தத்துவத்துக்கு இங்கே ஒரு தர்மசங்கடம். வரையறை இல்லாமல் கட்ட முடியாது. வரையறைக்குச் சொல் வேண்டும், அந்தச் சொல்லுக்கு வரையறை வேண்டும். தொல்காப்பியர் உரியியலில் சொல்கிறார்: ‘பொருட்குப் பொருள் தெரியின் அது வரம்பு இன்றே.’ பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் முடிவே கிடையாது. அவர் அப்போது தத்துவம் பேசவில்லை. பழக்கமில்லாத சொல்லைப் பழக்கமான சொல்லோடு சார்த்தி எப்படி விளக்குவது என்ற வாத்தியார் வேலையில் இருக்கிறார். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: ‘உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே.’ புரியும் வாசல் புரிந்துகொள்பவரின் கையில்தான் இருக்கிறது. உரியியலின் கடைசிப் பகுதியில் அடுத்தடுத்து வரும் இந்தச் சிறு சூத்திரங்களை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். மொழித் தத்துவத்துக்கு இதைவிடச் சின்ன நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

இலக்கணம் உள்ளே புகுந்த இடம்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி; கொஞ்சம் நீளமாகப் போகும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி தேகார்த் 1637இல் எழுதிய புகழ்பெற்ற வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்.’ இரண்டாம் பாதி, ‘வீட்டில்தான் இருக்கிறேன், வாங்க’ என்று போனில் சொல்வது போல ஒலிக்கிறதா? எங்கே இருக்கிறேன் என்று நம் காது கேட்கிறது. ஐரோப்பிய மொழிகளில் ஒரே வினை ‘இது மரம்’ என்பதிலும் வேலை செய்கிறது, ‘கடவுள் உண்டு’ என்பதிலும் வேலை செய்கிறது. நாம் ‘இது மரம்’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம். உள்ளதைச் சொல்ல இரு, உண்டு, உள் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். அவர்கள் இரண்டாயிரம் வருஷமாக அலசும் ஒரு பெரிய கேள்வி, நம் மொழியில் இரண்டு மூன்று சின்னக் கேள்விகளாகப் பிரிந்துவிடுகிறது. என் ‘இருப்பு’க் குழப்பத்தின் வேர் இங்கேதான்.

முதல் பாதியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ‘சிந்திக்கிறேன்’ என்றாலே விகுதியில் ‘நான்’ வந்துவிட்டது. நிரூபிக்க வேண்டிய ஆளை இலக்கணமே முன்கூட்டி உள்ளே அனுப்பிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் லிஷ்டன்பெர்க் என்ற ஜெர்மானியர், ‘மின்னுகிறது’ என்பது மாதிரி ‘சிந்திக்கிறது’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவருக்கு அது சொல்விளையாட்டுபோல வலிந்து செய்யும் காரியம். நாமோ நாள் முழுக்க ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். நான் எழுவாயாக இல்லை; தோன்றுவது எனக்கு வந்து சேருகிறது. தேகார்த் தமிழில் எழுதியிருந்தால் ‘எனக்குத் தோன்றுகிறது, ஆகவே…’ என்று தொடங்கி எங்கே போயிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் உயர்ந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு மொழியும் சில கதவுகளைத் தானாகத் திறந்துவைக்கும், சிலவற்றைச் சாத்திவைக்கும்.

இப்போது நம் பக்கம். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் ‘அவன் அவள் அதுவெனும் அவை’ என்று தொடங்குகிறது. உலகம் முழுவதையும் சுட்ட மெய்கண்டார் எடுத்தது தமிழ்ச் சுட்டுப்பெயர்களை! உலகத்தை இப்படி மூன்றாகப் பகுப்பது தத்துவமா, இலக்கணமா? ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் இல்லாத மொழியில் இந்தச் சூத்திரம் எப்படித் தொடங்கியிருக்கும்? நோட்டில் எழுதிவைக்க வேண்டிய கேள்வி.

இரண்டாம் சூத்திரத்தை விளக்கும் இடத்தில், உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைச் சொல்லும் ‘அத்துவிதம்’ என்ற ஒரே சொல்லில் சண்டை வருகிறது. துவிதம் என்றால் இரண்டு. முன்னால் நிற்கும் ‘அ’ எதை மறுக்கிறது? அத்துவிதம் என்றாலே ‘ஒன்று’ என்று பொருள் கொள்ளக் கூடாது, அந்தச் சொல் மறுப்பது வேறாக நிற்பதைத்தான் என்பது மெய்கண்டார் கட்சி. 18ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய சிவஞான முனிவர் இதை இலக்கணக்காரராகவே அவிழ்க்கிறார். தொல்காப்பியத்தின் முதல் சூத்திரத்துக்கு விருத்தி, அதாவது விரிவான உரை, எழுதியவரும் அவரேதான். எதிர்மறை மூன்று வகை: இன்மை, அன்மை, மறுதலை. அரூபம் என்றால் உருவம் இல்லை. அநேகம் என்றால் ஒன்று அல்ல, பல. அநீதி என்றால் நீதிக்கு நேர் எதிர். அத்துவிதத்தில் இருப்பது அன்மை என்பது அவர் முடிவு.

இது நுட்பமாகத் தெரிந்தால் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போங்கள். ‘தேங்காய் இல்லை’ என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது. ‘தேங்காய் அல்ல’ என்றால் கூடையில் இருப்பது வேறு ஏதோ. ‘இரண்டு இல்லை’ என்று படித்தால் உயிரும் இறைவனும் ஒரே பொருளாகிவிடும், இன்னொன்றுக்கு இடமே இல்லை. ‘இரண்டு அல்ல’ என்று படித்தால் இரண்டும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்து நிற்காது. ஒரு மத மரபே இல்லைக்கும் அல்லவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கால் ஊன்றி நிற்கிறது. பேச்சில் நாம் இரண்டையும் ‘இல்ல’ என்று ஒன்றாக்கிவிட்டோம். ஏன், முதல் பத்தியில் நானே ‘ஏறாமல் போனது தத்துவம் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். என் பழைய தமிழாசிரியர் கையில் கிடைத்தால் சிவப்பு மையில் சுழித்து, அது ‘அன்று’ (‘அல்ல’வின் ஒருமை) என்று ஓரத்தில் எழுதியிருப்பார்.

ஆகவே, எந்த அமைப்பைப் படித்தாலும் மறுப்புச் சொல் வரும் இடத்தில் நின்று, இல்லையா அல்லவா என்று கேட்டுவிட்டு நகருங்கள். அப்படியே ‘நாம்’ வரும் இடத்திலும் நில்லுங்கள். நாமா, நாங்களா? அரசியல் தத்துவத்தில் ‘மக்களாகிய நாம்’ என்று ஐரோப்பிய மொழியில் ஒருவர் எழுதும்போது, கேட்கிறவரும் அதில் சேர்த்தியா என்று அந்த மொழி சொல்லாது. தமிழில் சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் எங்கே போவது?

சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் குறையே இல்லை. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இயங்குகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். பழைய உரைப் பதிப்புகளைப் பார்க்க ஆசைப்பட்டால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். சொந்தமாக வாங்குவதென்றால் ஜனவரி புத்தகக் காட்சி வரை பொறுங்கள். சித்தாந்த நூல்கள் மலிவாகவே கிடைக்கும்.

அகராதி இரண்டு வேண்டும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் பழைய பொருளுக்கு. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இன்றைய பொருளுக்கு, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் க்ரியா அகராதி. ஒரு தாங்கும் சொல்லை இரண்டிலும் பார்த்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள். தொல்காப்பிய உரைகள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கின்றன. சேனாவரையர் உரையில் தொடங்குவது என் பழக்கம், கடினம்தான்.

எதை முதலில் படிப்பது? மணிமேகலையின் 27ஆம் காதை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக்காரரிடமாகப் போய், ‘உன் கொள்கை என்ன, சொல்’ என்று கேட்கிறாள். அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறிவு வரும் வழிகளை, பட்டியல் போடுகிறார். கண்டதையும் ஊகித்ததையும் போல, நம்பத்தக்கவர் சொன்ன சொல்லும் அறிவுக்கு வழியா என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும். நியாயம் என்ற தருக்க மரபு ஆம் என்று நாலு அளவைகளில் ஒன்றாக வைக்கிறது. பௌத்தத் தருக்கம் காட்சியும் ஊகமும் மட்டும் போதும் என்கிறது. ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்டு நடைமேடை மாறும்போது நீங்கள் யார் பக்கம் என்று யோசித்துக்கொண்டே படிக்கலாம்.

ஒரு மாதத்துக்கு ஒரு காதை அல்லது ஒரு சூத்திரம் போதும். வேகமாகப் படிக்கிறவர்கள்தான் எங்கள் மாடியில் சீக்கிரம் காணாமல் போனார்கள்.

அந்த ஜெர்மன் தத்துவ நூலைப் போன பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பரணிலிருந்து இறக்கினேன். இப்போது 40ஆம் பக்கத்தில் இருக்கிறேன். முதல் பக்க ஓரத்தில், ‘இருப்பு’க்கு எதிரே, பென்சிலால் ‘பாமாயில் அன்று’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.